குழம்பு அடுத்த தோணியில்

ஆகஸ்ட் 2, 2038, திங்கள்

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை என் குறிப்பேட்டில் ‘கரணை ஓடிய திசை: இடமிருந்து வலம்’ என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் அது வலமிருந்து இடம். பார்த்து எழுதவில்லை. கரணையால் சாந்து பூசும் கொத்தனார் என்றால் வலக்கைக்காரர்தான் என்று நானே வைத்துக்கொண்டேன். சின்னத் தவறுதான். ஆனால் அதனால் இரண்டு நாள் ஒரு குரலைப் பின்னாலிருந்து முன்னால் கேட்டுக்கொண்டிருந்தேன். போதாததற்கு, ‘பஞ்சத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்களின் தெரியாத பாஷையாக இருக்கலாம்’ என்று வகுப்புக் குழுவில் எழுதியும் வைத்தேன். ஷாகுல் அண்ணன் மட்டும், ‘இன்னா மதி, ரிவர்ஸ் கியர்ல பேசுற மாதிரி கீது’ என்று பதில் போட்டிருந்தார். அவர் என்னோடு வகுப்பில் படிக்கிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கிண்டல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

இன்று மதியம் சாப்பிடும்போது சுவர்ப் பூச்சின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பும் முடிந்து கரணையைத் தூக்கும் இடத்தில், நகக்கீறல் அளவுக்குச் சாந்து விளிம்பு கட்டி நிற்கும். எல்லா விளிம்பும் இடப்பக்கம் இருந்தது. பூசியவர் இடக்கைக்காரர்.

தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டு ஒலியைத் திருப்பிப் போட்டேன்.

தமிழ். ஒரு பெண்ணின் குரல்.

வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே புரியாது.

பகலில் எனக்குக் கட்டுமானப் பொருள் ஆய்வுக்கூடத்தில் வேலை. வாரத்தில் மூன்று மாலை நூலக மாடியில் ஜெயராக்கினி மேடம் நடத்தும் அறிவியல் புனைகதை வகுப்பு. இந்தப் பருவத்துக்கான பயிற்சி, வரலாற்றின் இருண்ட காலம் ஒன்றுக்குள் ஓர் அறிவியல் கதை எழுதுவது. நான் தாது வருடப் பஞ்சத்தை எடுத்தேன். 2090இலிருந்து ஒருவன் கிளம்பி 1877க்குப் போய்ச் சத்து மாத்திரை கொடுக்கிறான். மேடம் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்: ‘உன் கதையில் நாற்பது பேர் பட்டினி கிடக்கிறார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. இவர்கள் மனிதர்களா, நாடக மேடைத் திரையா?’

எனக்குக் கோபம் வந்தது. பிறகு, அவர் சொன்னது சரி என்பதால்தான் வந்தது என்று புரிந்தது. அவர்கள் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு கருவி மட்டும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தது, பஞ்ச காலத்தில் பூசிய ஒரு சுவர் கால்வாய்க் கரையில் இருந்தது.

மாலை வகுப்பில் எழுந்து நின்று தவறை ஒப்புக்கொண்டேன். எட்டுப் பேர் இருந்தார்கள்.

“ரிவர்ஸ் கியர்னு நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா?” என்றார் ஷாகுல் அண்ணன். “சரி, எனக்கு இன்னொரு வாட்டி சொல்லு. சுவரு எப்படிம்மா பேசும்?”

“சுவர் பேசாதுண்ணா. ஈரச் சாந்து மேல கரணையை இழுக்கறப்ப பக்கத்துல யாராவது பேசினா அந்தத் தகடு லேசா அதிரும். அதிர்வு சாந்துல கோடா விழும். அப்புறம் அது இறுகிக் கல்லாயிடும். எங்க கருவி ஒளியால அந்தக் கோட்டைத் தடவிப் படிக்குது.”

“அப்போ எங்க வூட்டுச் சுவத்துல எங்க மாமியார் கீறாங்களா?”

“உங்க வீடு சிமென்ட். மணல் முரடா இருக்கும், ஒண்ணும் பதியாது. பழைய சுண்ணாம்புப் பூச்சுல மட்டும்தான் வரும். அதுலயும் நாள் முடியறப்ப மேலாப்புல நீவுவாங்க இல்ல, அந்தக் கடைசி நீவல் மட்டும். ஒரு நாளைக்கு நாலு நிமிஷம் கிடைச்சாப் பெரிசு.”

“அல்லா காப்பாத்தினாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் மட்டும் கேட்டார். “படிச்ச பிறகு அந்தக் கோடு அப்படியே இருக்குமா?”

“இல்ல மேடம். படிச்ச இடம் மாவா உதிர்ந்திடும். ஒரே தடவைதான்.”

பிறகு ஒலியைப் போட்டேன். கரணை இழுபடும் சரசரப்பு. அதற்கு நடுவில் அவள் குரல். கேட்டபடியே எழுதிவைக்கிறேன்.

“...நூறு வருசம் போவுது. இன்னொரு நூறும் போவுது. இந்தக் காவா நெறைய தண்ணி நிக்குது. அதுல ஒரு தோணி வருது. துடுப்பு இல்ல, பாயி இல்ல, கரையில நின்னு இழுக்கிறவன் இல்ல. பொகையும் இல்ல. தானா வருது. உள்ள இன்னா இருக்கு?”

“நெல்லு!” என்று பல குரல்கள்.

“நெல்லை வெச்சு இன்னா பண்றது? குத்துறதுக்கு எவளுக்குத் தெம்பு கீது? சோறுடா. வடிச்ச சோறு. ஆவி பறக்குது.”

ஓர் இருமல். ஓர் ஆண் குரல். “எல்லம்மாக்கா, கொழம்பு?”

“கொழம்பு அடுத்த தோணியில வருதுடா சின்னான். பறக்காதே.”

சிரிப்பு. நன்றாக, வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். 1877இல், பஞ்ச நிவாரண வேலையில், கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். பிறகு அவள் சொல்கிறாள்: “மீதி நாளைக்கு. நாளைக்கு எழுந்து வர்றவங்களுக்குத்தான் சொல்லுவேன். வராதவங்களுக்குக் கதை கெடையாது.”

ஒலி முடிந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “நூத்தி அறுபத்தோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சித்தாள் நம்ம வகுப்புக்கான பயிற்சியைச் செஞ்சிருக்கா. இருண்ட காலத்துக்குள்ள உட்கார்ந்துகிட்டே.”

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல் இருந்தது. குதிக்கவில்லை.

நிலைமை இதுதான். கால்வாய் மதகை ஒட்டிய அந்தச் சுவரில் பதினொரு நாள் பூச்சு இருக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்கும் இடத்தில் இணைப்புக் கோடு தெரியும், அதை வைத்து எண்ணினேன். பதினோராவதுக்கு அப்பால் வெறும் செங்கல். வேலை அத்தோடு நின்றிருக்கிறது. சாலை அகலப்படுத்துவதற்காகச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இடிக்கிறார்கள். சிவப்புப் பெயின்டில் எல்லை போட்டாகிவிட்டது. நிறுத்தி வைக்கச் சொல்லி மேடமும் நானும் இன்று மனு அனுப்பினோம். ‘தங்கள் மனு பெறப்பட்டது’ என்று உடனே பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வராது என்று அதைப் படித்தாலே தெரியும். கருவி எனக்கு நாளையும் வியாழனும் மட்டுமே கிடைக்கும். மற்ற நாள்களில் பால வேலைக்குப் போகிறது. ஒரு பூச்சைப் படிக்க ஏழு மணி நேரம் ஆகும்.

ஆக, மீதிப் பத்தில் இரண்டை மட்டும்தான் கேட்க முடியும்.

“ரெண்டும் பதினொண்ணும்,” என்றார் ஷாகுல் அண்ணன். “கதை எப்படி முடியுதுன்னு தெரிய வேணாமா?”

“ரெண்டு, மூணு,” என்றேன் நான். “வரிசையாத்தான் கேட்கணும். நடுவுல எட்டு நாளை விட்டுட்டு முடிவை மட்டும் கேட்டா என்ன புரியும்?”

“நான் கிளைமாக்ஸ் தெரிஞ்சுக்கினுதான் எந்தப் படத்துக்கும் போவேன்.”

“ரெண்டாவதைக் கேட்டுட்டு வா. புதன்கிழமை முடிவு பண்ணலாம்,” என்றார் மேடம்.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

இரண்டாம் பூச்சு. திசையை மூன்று முறை பார்த்துவிட்டு எழுதினேன். வலமிருந்து இடம். எல்லம்மாவின் கைதான்.

காலை எட்டரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்தது. படிக்கப் படிக்க வெள்ளை மாவு என் செருப்பின் மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்க மனம் வரவில்லை.

நிவாரண முகாமில் உடம்பைத் தொட்டுப் பார்த்து, மெலிந்தவர்களுக்குத்தான் சீட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கு அவள் சொன்னது: “அந்தத் தோணியில சீட்டு கேக்க மாட்டான். நிறுத்தி வெச்சு, விலா எலும்பு தெரியுதா, தொடை சூம்பியிருக்கான்னு தொட்டுப் பாக்க மாட்டான். குண்டா கீறவனுக்கும் சோறு.”

“குண்டாவா?” சின்னானின் குரல். இருமிக்கொண்டே கேட்கிறான். “அது எப்படிக்கா இருப்பான்?”

“அதோ அங்க குதிரையில குந்திக்கினு கீறானே, அந்தத் தொரை மாதிரி இருப்பான். நம்மாளுங்க எல்லாம் அப்படி இருப்பாங்க. நீயும் இருப்ப. வயித்தைத் தள்ளிக்கினு நடப்ப.”

இருமலும் சிரிப்புமாகக் கொஞ்ச நேரம் எதுவும் தெளிவாக இல்லை. பிறகு அவள் குரலைத் தாழ்த்துகிறாள். நான் இந்த இடத்தைப் பதினைந்து முறையாவது கேட்டிருப்பேன்.

“இன்னொண்ணு சொல்றேன். அந்தத் தோணிக்குக் காது கீது. நாம இப்ப பேசுறது அதுக்குக் கேக்கும்.”

“இருநூறு வருசம் தள்ளியா?”

“ஆமா. மொள்ளத்தான் கேக்கும்.”

“கேட்டு?”

“கேட்டதும் இந்தப் பக்கமா திரும்பும். மீதி நாளைக்கு.”

கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமாகவே “கேட்குது” என்று சொன்னேன். பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இல்லை. இப்படி ஒரு நாள் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

ஆனால் ஒன்றை எழுதாமல் விடக் கூடாது. பழக்கதோஷத்தில் சிரிப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து எண்ணினேன். முதல் பூச்சில் ஒன்பது பேர் சிரிக்கிறார்கள். இரண்டாவதில் எட்டுப் பேர்.

ஆகஸ்ட் 4, புதன்

வகுப்பு. என் சத்து மாத்திரைக் கதையை நாலாகக் கிழித்து மேடத்திடம் கொடுத்தேன். “காகிதத்தை வீணாக்காதே, பின்பக்கம் எழுதலாம்,” என்றார்.

இரண்டாம் பூச்சைப் போட்டுக் காட்டினேன்.

முடிந்ததும் மேடம், “ஒண்ணு யோசிச்சுப் பார்த்தீங்களா?” என்றார். “அவ இதைத் தன்கூட வேலை செஞ்சவங்களுக்காகச் சொன்னா. நாம கேட்கக் கேட்க அது அழியுது. கேட்க நமக்கு உரிமை இருக்கா?”

“எப்படியும் சனிக்கிழமை இடிச்சிடுவாங்களே மேடம்,” என்றேன்.

“அது சரியான பதிலா, வசதியான பதிலா?”

ஷாகுல் அண்ணன்தான் சொன்னார். “காது கீதுன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க மேடம். யாராவது கேப்பாங்கன்னு ஆசைப்பட்டுத்தான சொல்றாங்க? கூப்பிட்ட பிறகு போவாம இருந்தா அது மரியாதை இல்ல.”

மேடம் என் பக்கம் திரும்பினார். “மூணா, பதினொண்ணா? கருவி உன் கையில. நீயே சொல்லு.”

மூன்று என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். காரணங்களைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்: வரிசை, தொடர்ச்சி, முறை. ஆனால் உண்மையான காரணம் அந்தத் தாளில் இல்லை. ஒன்பது, எட்டு என்று போகிற எண்ணிக்கை பதினோராவது நாளில் எவ்வளவாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பயம். மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டால் ஏழு பேராவது சிரித்துக்கொண்டே இருப்பார்கள், எனக்குள்.

அதைத்தான் என் பழைய கதையிலும் செய்தேன். அவர்கள் பக்கத்தில் போகாமலே பரிதாபப்பட்டேன்.

“பதினொண்ணு,” என்றேன்.

ஷாகுல் அண்ணன் கை தட்டவில்லை. தட்டுவார் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

பதினோராம் பூச்சு. கருவியைப் பொருத்துவதற்கு முன் வழக்கம்போலச் சாந்து விளிம்புகளைப் பார்த்தேன்.

வலப்பக்கம் இருந்தன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு விளிம்புகள், அத்தனையும் வலப்பக்கம். திசை: இடமிருந்து வலம். சனிக்கிழமை நான் பார்க்காமல் எழுதிய அதே வரி. இன்றைக்கு அது சரி.

பூசியது வேறு கை. ஓர் ஒலியும் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஏழு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வந்தது இருமல்.

“...எனக்கு அக்கா மாதிரி சொல்ல வராது. அக்கா போனதும் நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். நீங்கதான் விட மாட்டேங்கறீங்க. நேத்து எங்க உட்டேன்?”

“தோணி மதகாண்ட வந்து நின்னுடுச்சு.” மிகவும் வயதான ஒரு பெண் குரல். காற்று மாதிரி.

“ஆங். மதகாண்ட நிக்குது. இந்தச் சுவத்துக்கு அந்தாண்டதான். சோத்து வாசனை அடிக்குது பாரு. ஆனா மதகுக் கதவு சாத்தியிருக்கு. தோணி தானா வரும், கதவு தானா தொறக்காது. ஒராளு தொறக்கணும்.”

“யாரு தொறப்பாங்க?”

கரணை இரண்டு முறை இழுபடும் சத்தம் மட்டும்.

“அதை அக்கா எங்கிட்ட சொல்லல. நானும் யோசிச்சுக்கினே கீறேன்.”

“கொழம்புத் தோணி இன்னாச்சு? அதையாவது சொல்லுடா.”

“பின்னாடியே வருது ஆயா. அதை மறப்பனா?”

சிரிப்பு. எண்ணினேன். சின்னானையும் சேர்த்து இரண்டு.

“மீதி நாளைக்கு,” என்கிறான் சின்னான். “எழுந்து வா. வர்றவங்களுக்குத்தான்.”

அதற்குப் பிறகு சரசரப்பு. பிறகு அதுவும் இல்லை. சுவரில் அந்த இடத்துக்கு அப்பால் வெறும் செங்கல்.

மற்றவர்கள் செத்துத்தான் போனார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேறு முகாமுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், ஓடிப்போயிருக்கலாம். வேலையே நின்று இருவரும் எங்கேயாவது போய்ப் பிழைத்திருக்கவும் கூடும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். தெரிந்தது ஒன்று. பன்னிரண்டாவது நாளுக்கும் அவனிடம் கதை இருந்தது.

அழுவேன் என்று நினைத்திருந்தேன். பதிலாக, கதவை யார் திறப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினேன்.

ஆகஸ்ட் 6, வெள்ளி

வகுப்புக்கு முன் ஒரு முறை கால்வாய்க்குப் போனேன். மூன்றிலிருந்து பத்து வரை எட்டுப் பூச்சுகளின் மேலும் கையை வைத்துப் பார்த்தேன். அவற்றில் இருப்பதை இனி யாரும் கேட்க மாட்டார்கள். பதினோராவதுக்குப் போனது சரியா என்று இப்போதும் சந்தேகம் இருக்கிறது. சிவப்புக் கோட்டை அளந்தேன். அது பதினோராம் பூச்சு முடிகிற இணைப்பில் நிற்கிறது. அதற்கு அப்பால் உள்ள வெறும் செங்கல், ஆறடி அகலம், இடிப்பில் வரவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டு உறுதி செய்தேன். “அந்தத் துண்டா? அது எங்க எல்லைக்கு வெளிய. அதைத் தொட்டா எனக்குத்தான் வம்பு,” என்றார்.

வகுப்பில் பதினோராம் பூச்சைப் போட்டேன்.

ஷாகுல் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். “கிளைமாக்ஸே இல்லியே.”

“ஆறடி செங்கல் இருக்குண்ணா,” என்றேன். சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்கு வேகமாகக் கேட்டது.

மேடம்தான் முதலில் புரிந்துகொண்டார். “பன்னிரண்டாம் நாள். அதை நாம பூசப்போறோம்.”

“என் மச்சான் பழைய பங்களா ரிப்பேர் பண்றான்,” ஷாகுல் அண்ணன் எழுந்தே விட்டார். “பத்து நாளா ஊற வெச்ச சுண்ணாம்பு கீது. நான் தூக்கிக்கினு வந்துடறேன். ஆனா கதையை யாரு சொல்றது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் இல்ல,” என்றேன். “நான் எழுதினதைக் கிழிச்சாச்சு. எனக்கு அந்தக்கா மாதிரி சொல்ல வராது மேடம்.”

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஷாகுல் அண்ணன் மேசையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். “இன்னா மதி, சின்னான் டயலாக்கை அப்படியே அடிக்கிற!” மேடமும் சிரித்தார். நானும். எட்டுப் பேரும் சிரித்தார்கள். என்னைச் சேர்த்து ஒன்பது. முதல் நாள் சுவரில் இருந்த எண்ணிக்கை அது என்று வீட்டுக்கு வரும் வழியில்தான் ஞாபகம் வந்தது. தற்செயல்தான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

நாளை, சனிக்கிழமை. ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். சுண்ணாம்பு இரண்டு வாளியும் சலித்த மணலும் ஷாகுல் அண்ணன் ஆட்டோவில் வரும். கரணை என் பையில் இருக்கிறது. செங்கல்லை நன்றாக நனைத்து, மெல்லிசாக ஒரே கை பூச வேண்டும். கடைசி நீவலின்போது மட்டும் பேச வேண்டும், நாலு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வகுப்பில் எழுந்து வருகிறவர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், சிரிப்பு வந்தால் அடக்கக் கூடாது. எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். நான் வலக்கைக்காரி, ஆகவே திசை இடமிருந்து வலம். மதகுக் கதவைத் திறந்ததும் முதலில் குழம்புத் தோணியை உள்ளே விட வேண்டும்.